வி-ட்வின் வண்டிக்கு எந்த ஆர்பிஎம் சுகம்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நெடுஞ்சாலை நாடோடி | சென்னை | சுசூகி வி-ஸ்ட்ராம் 650

வி-ட்வின் என்றால் வி வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின். ஆர்பிஎம் என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது. போன மாதம் பெங்களூரு போகும் வழியில், வாலாஜாபேட்டை பக்கம் டீ குடித்துவிட்டு நானும் நண்பனும் வண்டியை மாற்றிக்கொண்டோம். அவன் கல்லூரிக் காலத்திலிருந்து புல்லட் 350 மட்டுமே ஓட்டுபவன். என் வண்டியில் ஏறியவன் பழக்கத்தில் 50 கிமீ வேகத்திலேயே ஆறாவது கியரைப் போட்டுவிட்டான். பின்னால் வந்த எனக்கு வண்டி முன்னும் பின்னுமாக வெட்டி வெட்டிப் போவது தெரிந்தது. அடுத்த இடத்தில் நிறுத்தியதும், "இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்க, என்னடா இப்படி உதறுது?" என்று கேட்டான்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. "ஊருக்குள் மூணு, நாலோடு நிறுத்து. ஆர்பிஎம் முள் 4,000-க்கு வந்தபிறகு மேல் கியரைப் பற்றி யோசி" என்று மட்டும் சொன்னேன். வேலூர் வரும்வரை வண்டியைத் திருப்பித் தரவில்லை.

இதை இங்கே எழுதக் காரணம், புல்லட்டிலிருந்து வி-ட்வினுக்கு வரும் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. புல்லட்டின் உச்ச டார்க் (இழுவிசை) 4,000 ஆர்பிஎம்மில் வந்துவிடும். எஞ்சின் சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான ஃப்ளைவீல் சக்கரம் வேறு. வி-ஸ்ட்ராமில் அது 6,500-ல்தான் வருகிறது. சிலிண்டர்கள் 90 டிகிரி கோணத்தில் நிற்கும் வி-யில் இரண்டு பிஸ்டனும் கிராங்க் என்ற சுழல்தண்டின் ஒரே பின்னில் உட்கார்ந்திருப்பதால் முதல்நிலை அதிர்வு கிட்டத்தட்ட முழுக்கச் சமனாகிவிடும். அதனால்தான் 7,000-க்கு மேலும் கை மரத்துப்போவதில்லை. ஆனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே கிராங்க் சுழற்சியில் 270 டிகிரி, பிறகு 450 டிகிரி என்று மாறி மாறி வரும். குறைந்த ஆர்பிஎம்மில் அந்த 450 டிகிரி இடைவெளி நீண்டு, ஒரு வெட்டாக நம் உடம்புக்குத் தெரிகிறது.

என் வண்டியில் நான் கண்டது: 3,000-க்குக் கீழே த்ராட்டிலை மெதுவாகத் திறந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ளும். 4,000 முதல் 5,500 வரை நாள் முழுக்க ஓட்டலாம். நான்குவழிச் சாலையில் நமக்கு வரம்பு 80 கிமீ. ஆறாவது கியரில் அது 3,400 அளவில் வரும். சமதளத்தில் போதும். லாரியைத் தாண்டவேண்டும் என்றால் நாலாவதுக்கு இறங்காமல் நான் ஏறுவதில்லை.

மற்றவர்கள் உங்கள் வண்டி, உங்கள் சாலை, உங்கள் ஆர்பிஎம் சொல்லுங்கள். கேட்டலாக் எண்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஓட்டும்போது என்ன உணர்ந்தீர்கள் என்பதே வேண்டும்.


காவிரிக்கரை ரைடர் | திருச்சி | ஹார்லி ஸ்ட்ரீட் 750

நல்ல திரி ஆரம்பிச்சீங்க அண்ணே. எனக்கு இருக்கிற சிக்கலே வேற. ஸ்ட்ரீட் 750-ல ஆர்பிஎம் காட்டுற டாக்கோமீட்டரே கிடையாது. ஸ்பீடோவும் காதும்தான் கணக்கு.

வாங்கின புதுசுல என் கூட வர்றவர் ஒருத்தர், "ஹார்லின்னா அடக்கி ஓட்டணும், டுக் டுக்னு போகணும்"னு சொல்லிக்கிட்டே இருப்பார். அவர் ஓட்டுறது பழைய ஏர்கூல்டு பெரிய ட்வின். அதுக்கு அது சரி. ஸ்ட்ரீட் 750 எஞ்சின் 60 டிகிரி, தண்ணீர் குளிரூட்டல், 749 சிசி. டேங்க்ல பேர் ஒண்ணா இருந்தாலும் எஞ்சின் சுபாவம் வேற. இது சுத்த விட்டா சந்தோஷப்படுற எஞ்சின்.

அதனால நான் வேகத்தை வெச்சே கியரைப் பிரிச்சுக்கிட்டேன். சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் நெரிசல்ல ரெண்டாவது. 50-ல மூணு. 60-65-ல நாலு. 80-ல அஞ்சு போதும். ஆறாவது கியரை 90 தாண்டினாத்தான் தொடணும்னு தோணுது, அதுக்கு நம்ம சாலையில சட்டப்படி இடமே இல்ல. ஆறாவது இல்லாத வண்டின்னு நினைச்சுக்கிட்டா பிரச்சனை தீர்ந்துது.

சூடு பத்தி ஒரு வார்த்தை. மே மாசத்துல பின்சிலிண்டர் தொடையைச் சுடும். "கியரை ஏத்தி ஆர்பிஎம்மைக் குறைச்சா சூடு குறையும்"னு பலர் நினைக்கிறாங்க. என் அனுபவத்துல அப்படி இல்ல. ஆர்பிஎம் குறைஞ்சா வாட்டர் பம்பும் மெதுவாத்தான் சுத்தும். எஞ்சின் மேல பாரம் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு கியர் இறக்கி, த்ராட்டிலைக் கொஞ்சமாத் திறந்து ஓட்டறப்ப எனக்கு ஃபேன் ஓடுற நேரம் குறையுது.


பட்டறைக்காரன் | கோயம்புத்தூர்

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. நான் பெரிய வண்டிகளுக்கு வேலை பாக்கறவன். ஓட்டறவங்க சுகம் பத்திப் பேசறீங்க, எஞ்சினோட சுகத்தையும் கொஞ்சம் சொல்லிப்போடறேன்.

ஒருத்தர் ட்வின் கேம்ங்கற பழைய எஞ்சின் வெச்ச ஹார்லி கொண்டாந்தாருங்க. ஸ்டார்ட் பண்றப்பவும் ஆஃப் பண்றப்பவும் பிரைமரி கவருக்குள்ள 'டங்'குனு சத்தம். திறந்து பாத்தா காம்பன்சேட்டர் தேஞ்சு கெடக்குது. கிராங்க்குக்கும், கிளட்ச்சைச் சுத்தற பிரைமரி செயினுக்கும் நடுவுல ஸ்பிரிங் வெச்சு, ஒவ்வொரு வெடிப்போட அடியையும் உள்வாங்கற சாமான் அது. அவரை ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லி நான் பின்னாடி உக்காந்து போனேன். அவிநாசி ரோடு மேம்பாலம் ஏறறப்ப அஞ்சாவது கியர், 1,500 கூட இருக்காது, த்ராட்டில் முழுசாத் தொறந்திருக்குது. அந்த அடி முழுக்க எங்க போகும்? அந்த ஸ்பிரிங்குக்குத்தான்.

கியர் வெச்ச சைக்கிள்ல மேட்டுல பெரிய கியரைப் போட்டு மிதிச்சா முழங்கால் என்ன ஆகுமோ, அதேதானுங்க கான்ராடுக்கும் பேரிங்குக்கும். ஆயில் பம்ப் எஞ்சினாலதான் சுத்துது. ஆர்பிஎம் கம்மின்னா பிரஷரும் கம்மி. பாரம் அதிகமா இருக்கற நேரத்துல ஆயில் குறைவாப் போறது நல்லதில்லீங்க. அதோட பிஸ்டன் மெதுவா நகர்றதால நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் கலவை தானாவே தாறுமாறா வெடிக்கும். தகர டப்பாவுல கல்லு போட்டாப்புல சத்தம் கேட்டா உடனே கியரை இறக்குங்க. வண்டிக்கு எந்த ஆக்டேன் பெட்ரோல்னு மேனுவல்ல பாத்து, அதுல கேட்டிருந்தா 95 ஊத்துங்க. ஆனா 95 ஊத்தினா எப்படி வேணா ஓட்டலாம்னு நினைச்சுப்போடாதீங்க.

இன்னொண்ணு. எஞ்சினை ரப்பர் மவுண்ட் மேல உக்கார வெச்ச ஹார்லி, நின்ன இடத்துல ஐடில்ல குலுங்கறதைப் பாத்துட்டு "ரிப்பேரா?"னு கேக்கறாங்க. 45 டிகிரி, ஒரே பின், 315-405 வெடிப்பு. நின்னா குலுங்கும். 2,000 தாண்டினா ரப்பர் அதைத் தின்னுபோடும். அப்பவும் குலுங்குச்சுன்னாத்தான் மவுண்டைப் பாக்கோணும்.


பனைநிழல் | ரொறன்ரோ | ஹார்லி ரோட் கிங், மில்வாக்கி-எயிட் 107

பட்டறை அண்ணை சொன்ன அந்த 2,000 எண்ட இலக்கம் எனக்கும் அப்பிடியே பொருந்துது. நான் யாழ்ப்பாணத்தில ஓடினது முழுக்க சின்ன மோட்டார் சைக்கிள்தான். இஞ்ச வந்து கனகாலத்துக்குப் பிறகுதான் இந்த வண்டியை வாங்கினனான்.

401 ஹைவேயில 100, 110 எண்டு போகேக்க ஆறாவது கியர் வடிவா இருக்கும். எஞ்சின் 2,300, 2,400-ல நிக்கும். இந்த எஞ்சினுக்கு உச்ச டார்க் 3,250-லயே வந்திடும் எண்டதால, உதுக்குள்ள கையைத் திருப்பினாலே இழுக்கும். பிரச்சினை வந்தது ஹைவே 60-ல. இலையுதிர் காலத்தில அல்கொன்குவின் பார்க்குக்குப் போற ரோட்டு அது. வேக எல்லை 80. மேடு, பள்ளம், வளைவு. முன்னால போற கார்க்காரர் மரங்களைப் பாத்துக்கொண்டு 70-ல போவினம். ஆறாவதில விட்டால் 1,700, 1,800. ஒவ்வொரு மேட்டிலயும் எஞ்சின் முனகிற மாதிரி இருக்கும், கால்வைக்கிற பலகை நடுங்கும்.

எங்களோட வந்த ஒரு வயசான கனடாக்காரர், பழைய ஷோவல்ஹெட் காலத்தில இருந்து ஹார்லி ஓடுறவர், பெற்றோல் அடிக்க நிக்கேக்க என்னட்டக் கேட்டார், ஏன் ஆறாவதில போறாய் எண்டு. நாலாவதில போட்டு 2,500-க்கு மேல வைச்சு ஓடச் சொன்னார். பாருங்கோ, அதுக்குப் பிறகு அந்த ரோட்டே வேற ரோட்டுப் போல. மேட்டில கியர் மாத்தத் தேவையில்லை, வளைவுக்குள்ள கையை விட்டால் எஞ்சினே வேகத்தைப் பிடிச்சு வைக்குது, பிறேக் தொடுறது நல்லாக் குறைஞ்சு போச்சு. மரங்களையும் நான் அண்டைக்குத்தான் ஒழுங்காப் பாத்தனான்.

பெற்றோல் கொஞ்சம் கூடத்தான் போச்சுது. ஆனா பின்னுக்கு இருந்த மனுசிக்கு முதுகு நோகேல்லை எண்டவா. எனக்கு அது போதும்.


எழுபது வளைவு | நாமக்கல் | டுகாட்டி ஸ்க்ராம்ப்ளர் 800

என் பேருக்கு ஏத்த மாதிரி கொல்லிமலையையே சொல்றேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. 90 டிகிரி ட்வினுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை நம்ம பக்கம் இல்லை.

இங்கே நேர்ச்சாலை எண்கள் எதுவும் உதவாது. வளைவுக்குள் வேகம் 15, 20-க்கு இறங்கும். முதல் கியரில் இருந்தால் த்ராட்டிலை ஒரு நூல் தொட்டாலே வண்டி குதிக்கும். ரெண்டாவதில் இருந்தால் ஆர்பிஎம் 3,000-க்குக் கீழே போய், சாய்ந்திருக்கிற நேரத்தில் வெட்டும். சாய்ந்திருக்கும்போது ஒரு வெட்டு வந்தால் மனசு பதறும், மனசு பதறினால் கை த்ராட்டிலை மூடும், மூடினால் வண்டி இன்னும் உள்ளே விழும்.

எனக்குக் கைகொடுத்தது ரெண்டாவது கியர், கிளட்ச்சில் இரண்டு விரல், பின் பிரேக்கில் லேசான அழுத்தம். த்ராட்டிலை முழுசாக மூடுவதே இல்லை. எஞ்சினை 3,500 பக்கம் உயிரோடு வைத்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் குறைக்கிறேன். வளைவு திறந்ததும் பிரேக்கை விட்டால் போதும், தானாகப் புறப்படும். ரொம்பக் குறுகிய வளைவில் மட்டும் கிளட்ச்சைக் கொஞ்சம் வழுக்க விடுவேன். மேலே போய் அரப்பளீசுவரர் கோயில் பக்கம் நிறுத்தும்போது முன்னெல்லாம் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். இப்போது இல்லை.

இறங்கும்போது இன்னும் முக்கியம். ரெண்டாவதில் 4,000-க்கு மேல் இருக்கட்டும். எஞ்சின் பிரேக்கிங் நல்லாப் பிடிக்கும், டிஸ்க் கொதிக்காது.


வைகை வேகம் | மதுரை | கீவே வி302சி

எல்லாரும் பெரிய வண்டியையே பேசறீங்க. சின்ன வி-ட்வின் பத்தி நான் சொல்றேன். என் வண்டி 298 சிசி. தாழ்ந்த சீட், அகலமான டயர், பெல்ட் டிரைவ். பாக்கிறதுக்கு அப்படியே பெரிய க்ரூஸர். அதனாலயே எல்லாரும் இதை மெதுவா சுத்த விடணும்னு நினைக்கிறாங்க.

சர்வீஸ்ல விட்டப்ப ஒருத்தர், "என்ன மேடம், ரொம்ப ரேஸ் பண்ணி ஓட்டறீங்க போல, பொம்பளைங்க பொறுமையா ஓட்டுவாங்கன்னு பாத்தேன்"னாரு. இதோட உச்ச டார்க் 6,500-ல வருது, உச்ச பவர் 8,500-ல வருது. ஒரு சிலிண்டருக்கு 150 சிசிகூட இல்ல. நான் 5,000-ல ஓட்டறது ரேஸ் இல்ல, இந்த எஞ்சினுக்கு அது நடைதான். அவர்கிட்டயே வண்டியைக் குடுத்து ரிங் ரோட்டுல ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாக்கச் சொன்னேன். திரும்பி வந்து ஒண்ணும் பேசல. அடுத்த தடவை இன்னொருத்தருக்கு அவரே இதை விளக்கிட்டு இருந்தாரு.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போறப்ப பரமக்குடி தாண்டி எதிர்காத்து பலமா இருக்கும். அப்ப ஒரு கியர் கம்மியா, 6,000 சொச்சத்துல வெச்சுத்தான் போவேன். சத்தம் கூடுதலா இருக்கும், அதிர்வு இருக்காது. சத்தத்தையும் அதிர்வையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறவங்கதான் சின்ன எஞ்சினை வதைக்கிறாங்க.


நெடுஞ்சாலை நாடோடி | சென்னை

வைகை வேகம் சொன்ன கடைசி வரியை எல்லோரும் ஒருமுறை படியுங்கள். எனக்கும் அதே எண்ணம். சத்தம் வந்தால் பயப்படுகிறோம், உதறலைப் பொறுத்துக்கொள்கிறோம். தலைகீழாக இருக்கவேண்டும்.

மைலேஜ் பற்றித் தனிச்செய்தியில் இருவர் கேட்டிருந்தார்கள். ஆர்பிஎம் குறைவாக இருப்பதே தப்பு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சமதளத்தில், காற்று இல்லாமல், த்ராட்டில் கால்வாசிகூடத் திறக்காமல் 3,000-ல் போனால் எஞ்சினுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, பெட்ரோலும் மிச்சம். அதே 3,000-ல் மேடு வந்து, பின்னால் ஆள் இருந்து, த்ராட்டில் முக்கால்வாசி திறந்தால் அது திணறல். நான் பார்க்கும் சோதனை ஒன்றுதான்: கையை இன்னும் கொஞ்சம் திருப்பினால் வேகம் கூடுகிறதா, சத்தம் மட்டும் தடிக்கிறதா? சத்தம் தடித்தால் ஒரு கியர் கீழே.


புது சாவி | சேலம்

வணக்கம் அண்ணன்மாரே, அக்கா. அடுத்த வாரம் புது ஹார்லி எடுக்கிறேன், மில்வாக்கி-எயிட் எஞ்சின்தான். ரன்-இன்னில் (புது எஞ்சினைப் பழக்கும் ஆரம்ப ஓட்டத்தில்) 'அடக்கி ஓட்டு' என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இதையெல்லாம் படித்தபிறகு எதைக் கேட்பது?


பட்டறைக்காரன் | கோயம்புத்தூர்

வாழ்த்துக்கள் தம்பி. வண்டியோட வர்ற மேனுவலைக் கேளுங்க. முதல் 80 கிலோமீட்டருக்கு எந்தக் கியரிலும் 3,000-க்கு மேல போகவேண்டாம்னு அதுல இருக்கும். அதுக்கப்புறம் 800 வரைக்கும் 3,500 போகலாம். ஆனா ஒரே வேகத்துல நீளமாப் போகக் கூடாது, மாத்தி மாத்திப் போகோணும். அதே பக்கத்துல, ரொம்பக் குறைஞ்ச ஆர்பிஎம்ல எஞ்சினைத் திணற வெக்காதீங்கன்னும் போட்டிருக்குதுங்க. அந்த வரியைத்தான் யாரும் படிக்கறதில்லை.

எடுத்த அன்னைக்கே ஏற்காடு ஏறாதீங்க. 20 வளைவும் அங்கயேதான் இருக்கும். முதல்ல ஓமலூர் பக்கம் சமதளத்துல ஓட்டிட்டு, முதல் சர்வீஸுக்கு இங்க கொண்டாங்க, பிரைமரி சத்தத்தை நானே கேட்டுச் சொல்றேன்.