மெயிலில வாற பேட்ச் எல்லாம் குழம்பிக் கிடக்கு, எந்த ஒழுங்கில சேர்க்கிறது? உதவி வேணும்

வட்டக்கச்சிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளையள் கணக்குப் பழகுறதுக்கு நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்து ஒரு சின்ன சொஃப்ட்வெயார் செய்யுறம், ஓப்பன் சோர்ஸ்தான், ஆரும் எடுத்துப் பாவிக்கலாம். நான் வட்டக்கச்சி, மற்றவை மல்லாவி, ஒட்டுசுட்டான், வவுனியா, ஒரு அண்ணா ரொறன்ரோ. மல்லாவிப் பொடியன்ர வீட்டில சிக்னல் இல்ல, வேலிக்கரைக்கு வந்து நிண்டாத்தான் ரெண்டு கோடு காட்டும், அதால வெப்சைட்டில போய் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேக்கிறது) போடுறது சரிவராது எண்டு கிட்டில (git, கோடில செய்த மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற டூல்) பேட்ச் (என்ன மாறினது எண்டு காட்டுற ஃபைல்) எடுத்து மெயிலில அனுப்புவம் எண்டு முடிவெடுத்தம். எல்லாத்தையும் சேர்க்கிற பொறுப்பு என்ர.

இப்ப இன்பொக்ஸில 38 மெயில் கிடக்கு. ஒரே வேலைக்கு முதல் தந்தது, பிறகு திருத்தினது, அதுக்குப் பிறகு இன்னொருக்கா திருத்தினது எண்டு எல்லாம் கலந்து. பிரவுசரில திறந்து கொப்பி பண்ணி ஃபைலில போட்டு கிட் அப்ளை குடுத்தா மூண்டாவதில 'பேட்ச் டஸ் நொட் அப்ளை' எண்டு நிக்குது. மல்லாவிப் பொடியன்ர அஞ்சாவது மட்டும் நீளமெண்டு டவுன்லோட் பண்ணி கிட் ஏஎம் (git am, மெயிலில வந்த பேட்சைச் சேர்க்கிற கொமாண்ட்) குடுத்தன், அதில 'கனொட் கொன்வெர்ட் ஃப்ரொம் வை டு யூடிஎஃப்-8' எண்டு வருது. வை (y) எண்டா என்ன? மூண்டு நாளா இரவிரவா இதோட இருக்கிறன். ஒருத்தற்ற உழைப்பும் தவறிப் போகக்கூடாது.

நெடுங்கேணி அக்கா:
தம்பி, முதல்ல கொப்பி பண்ணுறதை விடுங்கோ. பிரவுசரில இருந்து கொப்பி பண்ணினா டாப் எல்லாம் ஸ்பேஸா மாறிப்போகும், நீளமான வரி ரெண்டா உடையும். கொப்பி பண்ணின ஃபைலுக்கு கேட் டாஷ் பெரிய ஏ (cat -A) எண்டு கொமாண்ட் குடுத்துப் பாருங்கோ, டாப் இருக்கிற இடத்தில கூரைக் குறியும் ஐ எழுத்தும் காட்டும். வெறும் இடைவெளிதான் இருக்கெண்டா அதுதான் பிழை. ஜிமெயிலில மூண்டு புள்ளியை அமத்தி 'ஷோ ஒரிஜினல்', பிறகு 'டவுன்லோட் ஒரிஜினல்'. அந்த ஃபைலை அப்படியே கிட் ஏஎம்முக்குக் குடுக்கலாம். அரைவாசியில நிக்கிற ஏஎம் இருந்தா அபோர்ட் குடுத்திட்டுத் தொடங்குங்கோ, அந்த ஏஎம் தொடங்க முந்தி இருந்த நிலைக்குத் திரும்பும், மெயில் ஒண்டும் அழியாது.

வட்டக்கச்சிப் பொடியன்:
அக்கா பாத்தன், மூண்டாவது பேட்ச் மேக்ஃபைலைத் (சொஃப்ட்வெயாரைக் கட்டுற கொமாண்ட் எழுதின ஃபைல்) தொடுறது, அதில ஒரு இடத்திலயும் கூரைக் குறி இல்ல, எல்லாம் ஸ்பேஸ். ஒரிஜினலை எடுத்துப் போட்டன், உடன ஏறிட்டுது!! வைட்ஸ்பேஸைக் கவனிக்காத எண்டு ஒப்ஷன் குடுத்துத் தள்ளிவிடுவம் எண்டுதான் முதல் நினைச்சனான்.

நெடுங்கேணி அக்கா:
நல்லகாலம் குடுக்கேல்ல. மேக்ஃபைலில கொமாண்ட் வரி டாப்பிலதான் தொடங்கவேணும், ஸ்பேஸ் இருந்தா 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' எண்டு நிண்டிடும், பிறகு அதைத் தேடித் திரிவீங்கள்.

மாங்குளம் அண்ணை:
தம்பி அந்த வை எனக்கு நல்லாத் தெரியும், நானும் வாங்கியிருக்கிறன். உங்கட பேட்சுக்குள்ள தமிழ் எழுத்து இருக்கு, கணக்குக் கேள்வியள் தமிழிலதானே. அப்ப கிட் சென்ட்-இமெயில் (பேட்சை மெயிலில அனுப்புற கொமாண்ட்) அனுப்ப முதல் 'எந்த 8பிட் என்கோடிங்' (எழுத்தைச் சேமிக்கிற முறை) எண்டு கேட்டு பக்கத்தில யூடிஎஃப்-8 எண்டு போட்டிருக்கும், சும்மா என்டர் அமத்தவேணும். அவர் ஓம் எண்டு நினைச்சு வை அடிச்சிருக்கிறார். பிறகு உண்மையாவோ எண்டு ஒருக்காக் கேக்கும், அதுக்கும் வைதான் அடிச்சிருப்பார். இப்ப மெயிலின்ர தலைப்பில சார்செட் வை எண்டு இருக்கும், அப்பிடி ஒரு என்கோடிங் உலகத்திலயே இல்ல. டவுன்லோட் பண்ணின ஃபைலை எடிட்டரில திறந்து கொன்டென்ட்-டைப் வரியில வையை யூடிஎஃப்-8 ஆக்கும், தமிழ் எழுத்து ஒண்டும் பழுதாகேல்ல, பெயர்தான் பிழை. அவரிட்ட அசூம்8பிட்என்கோடிங் எண்ட கொன்ஃபிக்கை யூடிஎஃப்-8 எண்டு போட்டுவிடச் சொல்லும், பிறகு கேக்காது.

இனி ஒழுங்கு. வந்து சேர்ந்த நேரத்தைப் பாக்காதையும், சிக்னல் விட்டு விட்டு வாற இடத்தில 5 முந்தி வந்து 2 பிந்தி வரும். அனுப்பின நேரத்தால அடுக்கும். சென்ட்-இமெயில் ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு செக்கன் கூட்டிக் கூட்டித்தான் டேட் போடும், அதால ஒரு தொடர் தானா வரிசைக்கு வரும். தலைப்பில வி3 3/7 (மூண்டாவது வேர்ஷன், ஏழில மூண்டாவது பேட்ச்) எண்டு இருந்தா இன்னும் லேசு. கடைசி வேர்ஷனை மட்டும் எடும், பழசை வேற ஃபோல்டருக்கு மாத்தும், அழிக்காதையும்.

38 எண்டபடியா கையால செய்யவேண்டாம். தண்டர்பேர்டில லோக்கல் ஃபோல்டர் ஒண்டுக்குள்ள எல்லாத்தையும் இழுத்துப் போடும், அந்த ஃபோல்டர் சும்மா ஒரு எம்பொக்ஸ் ஃபைல்தான் (எல்லா மெயிலும் ஒண்டுக்குள்ள இருக்கிற ஃபைல்). பிப்பால (pip, பைதன் டூல் இன்ஸ்டோல் பண்ணுற கொமாண்ட்) பி4 (b4) எண்ட டூலைப் போட்டு, பி4 ஏஎம் டாஷ் எம் குடுத்து அந்த ஃபைலையும் கடைசி வேர்ஷன் கவர் லெட்டரின்ர (தொடருக்கு முன்னால வாற அறிமுக மெயில்) மெசேஜ்-ஐடியையும் குடுத்தா, வரிசைப்படுத்தி ஏஎம்முக்கு ஒரே ஃபைலாத் தரும், ரிவியூட்-பை (பாத்தாச்சு, சரி) எண்டு ஆரும் பதில் போட்டிருந்தா அதையும் சேர்த்துத் தரும். லினக்ஸ் கேர்னல் (லினக்ஸின்ர மையப் பகுதி) ஆக்களுக்காகச் செய்த டூல். 2005இல லினக்ஸைத் தொடங்கின டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினதே கேர்னல் வேலைக்குத்தானே, அவை இண்டைக்கும் மெயிலிலதான் பேட்ச் அனுப்பினம். அதால பின்தங்கின வேலை செய்யுறம் எண்டு நினைக்காதையும்.

வட்டக்கச்சிப் பொடியன்:
அண்ணை வை சரி!! தலைப்பில அப்பிடியேதான் இருந்தது. மல்லாவித் தொடர் 7உம் ஏறிட்டுது. ரொறன்ரோ அண்ணாவின்ர ஒண்டு மட்டும் இன்னும் நிக்குது, ஆள் பழைய கோடுக்கு மேல செய்திருக்கிறார் போல.

மாங்குளம் அண்ணை:
ஏஎம்முக்கு டாஷ் 3 சேர்த்துக் குடுத்துப் பாரும், த்ரீவே மேர்ஜ் (அடிக் கோடையும் ரெண்டு பக்க மாற்றத்தையும் ஒப்பிட்டுச் சேர்க்கிறது) செய்யும். அவர் செய்த அடிக் கொமிட் (கிட்டில பதிஞ்ச நிலை) உம்மட்டையும் இருக்கவேணும். இனிமேல் எல்லாரும் ஃபோர்மட்-பேட்சில (பேட்ச் எடுக்கிற கொமாண்ட்) பேஸ் ஒப்ஷன் போட்டு அனுப்பினா அடியில எந்தக் கொமிட்டுக்கு மேல செய்தது எண்டு இருக்கும். திருத்தி அனுப்பேக்க டாஷ் வி2, வி3. என்ன மாத்தினது எண்டதை மூண்டு கோட்டுக்குக் (---) கீழ எழுதினா நீர் வாசிக்கலாம், ஏஎம் அதை விட்டிட்டுத்தான் கொமிட் பண்ணும்.

வட்டக்கச்சிப் பொடியன்:
டாஷ் 3இல ஒரு கொன்ஃப்ளிக்ட்தான் (ரெண்டு மாற்றம் ஒரே இடத்தில மோதுறது) வந்தது, திருத்தி கொன்டினியூ குடுத்தன், ஏறிட்டுது. அண்ணை, அக்கா ரெண்டு பேருக்கும் நன்றி. மல்லாவிப் பொடியனுக்கு இதை எஸ்எம்எஸ்ஸில எழுதி அனுப்பியிருக்கிறன், வேலிக்கரைக்கு வரேக்க பாப்பான்.