ஆகஸ்ட்ல ஒகேனக்கல் போலாமா?

கேள்வி: சேலத்துல இருந்து ஃபேமிலியோட ஒரு நாள் ட்ரிப், பசங்களுக்கு பரிசல்தான் முக்கியம், இந்த மாசம் விடுவாங்களா?

பதில் 1: கர்நாடகாவுல மழை எப்படினு பாருங்க ப்ரோ. கேஆர்எஸ், கபினி அணைங்க நிரம்பி தண்ணி திறந்தா இங்க வெள்ளம் ஏறிடும், பரிசல், குளியல் ரெண்டுக்கும் கலெக்டர் தடை போட்டுடுவாரு. காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற பிலிகுண்டுலுல நீர்வரத்து எத்தனை கனஅடினு நியூஸ்ல தினமும் வரும், அதப் பாத்துட்டு கிளம்புங்க. நான் பாக்காம போய் வறுத்த மீன் மட்டும் தின்னுட்டு திரும்பி வந்தேன் 😂

பதில் 2: மீனுக்காகவே போலாம்ங்க! நாமளே மீன் வாங்கிக் குடுத்தா அங்கயே சமைச்சுத் தருவாங்க. எண்ணெய் மசாஜும் விட்றாதீங்க. பரிசல் கிடைச்சா லைஃப் ஜாக்கெட்ட பசங்களுக்கு நீங்களே இறுக்கிக் கட்டுங்க, செல்ஃபிக்கு எந்திரிச்சு நிக்கவே கூடாது, ஒரு பக்கம் சாஞ்சா அவ்ளோதான்.

கேள்வி கேட்டவர்: அப்போ தண்ணி குறையட்டும், அக்டோபர்ல பாத்துக்கறேன். தேங்க்ஸ்!

பதில் 1: அக்டோபர்லயும் மழை உண்டு சாமி, ஜனவரி பெட்டர்