தம்பியை ஏ.எல். (உயர்தரம்) படிக்கக் கொழும்புக்குக் கூட்டி வரவா?

மஸ்கெலியாக்காரி:
சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக எழுதுகிறேன். ஓ.எல். (சாதாரண தரம்) முடித்த கையோடு கொழும்புக்கு வந்தவள் நான்; நான்கு வருடமாகப் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை. தம்பிக்கு இப்போது ஓ.எல். பெறுபேறு வந்திருக்கிறது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ. உயிரியல் பிரிவில்தான் படிப்பேன் என்று நிற்கிறான். தோட்டத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும்தான். ஹட்டனுக்குப் போவதென்றால், எங்கள் லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கவே நாற்பது நிமிடம், அப்புறம் பஸ். மழைக்காலத்தில் புத்தகங்களை யூரியா பையில் சுற்றித்தான் கொண்டுபோவான். அம்மா, "நீ இருக்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போயேன்" என்கிறார். கொட்டாஞ்சேனையில் நாங்கள் மூன்று பெண்கள் ஒரே அறையில் இருக்கிறோம், அவனை எங்கே படுக்க வைப்பது? ஆனால் நல்ல ரியூஷன் எல்லாம் இங்கேதானே இருக்கிறது?

பதுளைப் பொடியன்:
தங்கச்சி, அவசரப்பட வேண்டாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. உங்கள் நுவரெலியா மாவட்டமும் அதில் ஒன்று. எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள், பிறந்த ஊரை அல்ல. கொழும்பில் சேர்த்தால் கொழும்புப் பிள்ளைகளோடு அவர்களுடைய இசட் ஸ்கோருக்கு (அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) மல்லுக்கட்ட வேண்டி வரலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் தமிழிலும் வருகிறது, வாங்கிப் பாருங்கள்.

வெள்ளவத்தை வாத்தி:
கோட்டா சரி, பாடம் யார் நடத்துவது? நானும் மலையகம்தான். எங்கள் பாடசாலையில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் வந்தது இரண்டாம் வருடம் பாதியில். முதல் தடவை எஃப், அதாவது பெயில். இரண்டாவது தடவை ஹட்டனில் அறை எடுத்துப் படித்துத்தான் தேறினேன். மூன்று தடவைக்கு மேல் எழுதினாலும் பல்கலைக்கழகத்துக்குக் கணக்கில் இல்லை. அதனால் தம்பியைக் கொழும்புக்கு அல்ல, ஹட்டனுக்கு அனுப்புங்கள். கொழும்பு ரியூஷன் வேண்டுமானால் விடுமுறைக்கு வரட்டும். சேர்ப்பதற்கு முன் மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள், அதிபரிடம் அல்ல.

மஸ்கெலியாக்காரி:
நன்றி அண்ணா, சேர். பிறந்த ஊரைத்தான் பார்ப்பார்கள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ராத்திரி தம்பிக்குக் கோல் எடுத்தேன். "ஹட்டன் என்றால் சனி ஞாயிறு அம்மாவுக்குக் கொழுந்து மூட்டை தூக்கிக் கொடுக்கலாம்" என்கிறான். படிக்கப் போகிறவன் பேசுகிற பேச்சா இது? ஹட்டனில் பொடியன்கள் தங்குகிற அறைக்கு மாதம் எவ்வளவு கேட்கிறார்கள்? சாப்பாட்டோடு கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சம்பளம் 10ஆம் திகதி.