பௌலிங் பந்து வளையிறது தோலாலயோ, கோராலயோ?

துணுக்காய்ப் பெடியன்: வணக்கம் அண்ணைமார். மாசத்தில ஒருக்கா கொழும்புக்குப் போய்த்தான், பந்தை உருட்டிப் ‘பின்’ எண்டுற கட்டையளை விழுத்துற பௌலிங் ஆடுறன். அங்க தாறது பிளாஸ்டிக் பந்து, எப்பிடிச் சுழட்டி விட்டாலும் நேராத்தான் போகுது. மாமா கனடாவில இருந்து ஒண்டு கொண்டு வாறார். மேல்தோலைப் பாத்து வாங்கச் சொல்லவோ, உள்ளுக்க இருக்கிற கோர் எண்டுற பாரக்கட்டியைப் பாத்தோ?

இரணைமடு: தோல்தான் தம்பி. எறிகோட்டில இருந்து முதல் பின்னுக்கு 60 அடி. பந்து ஓடுற அந்தத் தளத்தைத்தான் லேன் எண்டுறது, அதில முன்பக்கம் 40 அடிக்குக் கிட்ட எண்ணெய் பூசியிருக்கும். உழவுக்கு இறங்கின லான்ட்மாஸ்டரை நினைச்சுப் பார். எஞ்சின் எவ்வளவு பலமெண்டாலும் தேஞ்ச டயர் சேத்தில நிண்ட இடத்திலதான் சுத்தும். உன்ர பிளாஸ்டிக் பந்தும் அதேதான். ரியாக்டிவ் ரெசின் தோலில கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் எண்ணெயை உறிஞ்சும், அதால லேனைப் பிடிக்கும். அமெரிக்க பௌலிங் சம்மேளனம் பந்துகளை அளந்து செய்த ஆய்விலயும் தோலின்ர சொரசொரப்புத்தான் முன்னுக்கு நிண்டது.

மாங்குளத்தான்: அரைவாசிதான் சரி. சில்லில அப்பின சேறு கழண்டு விழாட்டி எந்தச் சில்லும் வழுக்கும், உங்களுக்குத் தெரியாததோ? அந்தச் சேத்தைக் கழட்டுறது கோர். பம்பரம் தலையாட்டுற மாதிரி பந்தின்ர அச்சைச் சுற்றுக்குச் சுற்று அது நகர்த்தும். அப்ப ஒவ்வொரு சுற்றிலயும் எண்ணெய் படாத புதுத்தோல் லேனில படும். கோர் மந்தமெண்டால் ஒரே எண்ணெய்க் கோட்டிலதான் திரும்பத் திரும்ப உருளும், உங்கட துவாரமெல்லாம் நிரம்பிப் போகும். இந்த நகர்வைக் கூட்டிக் குறைக்கிற அளவை டிஃபரென்ஷல் எண்டுவினம். அது 0.060 அங்குலத்துக்கு மேல போகக்கூடாதெண்டு விதியே போட்டிருக்கினம். பலமில்லாததுக்கு ஆரும் வரம்பு வைப்பினமோ?

இரணைமடு: நகருது, ஒத்துக்கொள்ளுறன். ஆனா கோர் எப்பிடி வேலை செய்யும் எண்டது துளை போடேக்கயே முடிஞ்சுபோம். முந்தி பாரத்தைச் சரிக்கட்ட விரல் விடாத துளை ஒண்டு போடுறவை. 2020 ஆகஸ்ட்டில அமெரிக்க விதியில அதையும் நிப்பாட்டிட்டினம். தோலை உன்ர கையாலயே மாத்தலாம் தம்பி. 500 நம்பர் சொரசொரத் தாளால தேய்ச்சால் எண்ணெய்க்குள்ளயே பிடிக்கத் தொடங்கும். நைசான 4000 நம்பர் வரைக்கும் தேய்ச்சு மினுக்கினால் வழுக்கிக்கொண்டு போய்க் கடைசியில சடாரெண்டு திரும்பும்.

மாங்குளத்தான்: அந்த 500ஐக் காஞ்ச லேனில போட்டுப் பாருங்கோ. பாதி வழியிலயே பலமெல்லாம் செத்து, பின்னில தடவின மாதிரித்தான் படும். என்ர பந்தை அப்பிடித்தான் கெடுத்தனான். சொரசொரப்புக் கூடினால் வளைவு கூடும் எண்டு பெடியனை நம்பவைக்காதேங்கோ.

இரணைமடு: அண்ணை, அதுவும் தோல் செய்த வேலைதானே! கோர் மாறேல்லையே.

முள்ளியவளை அக்கா: ரெண்டு பேரும் வெயிலை மறந்திட்டியள். தம்பி, ஏ9 றோட்டால கொண்டு போகேக்க மத்தியானத்தில பூட்டின வானுக்க பந்தை விட்டிடாத, தோல் வெடிச்சிடும். ஒவ்வொரு எறிக்குப் பிறகும் துணியால துடை. விட்டால் எண்ணெய் உள்ளுக்க இறங்கிடும்.

துணுக்காய்ப் பெடியன்: அப்ப நடுத்தரக் கோரோட ரியாக்டிவ் ஒண்டு சொல்லுறன். தேய்க்கிற தாளும் சேர்த்து.

மாங்குளத்தான்: சொல்லு. முதல் நாள் எறிஞ்சிட்டு, துடைக்க முதல் பந்தைப் படம் எடுத்துப் போடு. எண்ணெய்க் கோடுகள் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்திருக்கோ, விசிறி மாதிரி விரிஞ்சிருக்கோ எண்டு பாத்திட்டு இரணைமடுவோட மிச்சம் கதைக்கிறன்.