7 வாரப் பெட்டைக் குஞ்சு கூனிக்கொண்டு நிற்கிறது: இரத்தக் கழிச்சல்தானா?

கேள்வி: முற்றத்துச்சேவல்

என்னிடம் 7 வார வயதுடைய குஞ்சுகள் ஒன்பது இருக்கின்றன. எல்லாம் ஒரே நாளில் பொரித்தவை. அவற்றுள் ஒரு பெட்டைக் குஞ்சு நேற்று முன்தினத்திலிருந்து மற்றவற்றுடன் சேராமல், கூண்டின் மூலையில் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, இறக்கைகளைத் தொங்கவிட்டு, கண்களை மூடியபடி நிற்கிறது. தீவனத்தட்டை வைத்தால் மற்றவற்றோடு ஓடி வருகிறது. ஆனால் இரண்டு முறை கொத்திவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. இன்று காலையில் எடை போட்டுப் பார்த்தேன். மற்ற குஞ்சுகள் 510 முதல் 560 கிராம் வரை இருக்க, இது மட்டும் 390 கிராம்தான் இருந்தது.

மூக்கில் சளியோ கண்ணில் நீரோ இல்லை. மூச்சு விடும்போது சத்தமும் இல்லை. குஞ்சு பொரித்த அன்றே, கால்களை முடக்கும் வைரஸ் நோயான மாரெக்ஸுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. தீவனம், வளரும் குஞ்சுகளுக்கான சாதாரணத் தீவனம், மருந்து கலக்காதது. சென்ற வாரம் தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து கூளத்தின் ஒரு பகுதி ஈரமாகிவிட்டது. மேலாகக் கிளறிவிட்டேனே தவிர மாற்றவில்லை. சோர்வாக இருக்கிறதே என்று இன்று காலை முதல் வைட்டமின் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து வருகிறேன். கால்நடை மருத்துவரை அணுக இரண்டு நாட்கள் ஆகும் என்கிறார்கள். அதுவரை நான் என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கூளமும்கூண்டும்

கோழி தன் நோயை மறைக்கும் பறவை. கூட்டத்தில் பலவீனம் தெரிந்தால் கொத்துப்படும் என்பதால், இனி முடியாது என்ற நிலை வரும்வரை நலமாக இருப்பதுபோலவே நடமாடும். ஆகவே கண்ணுக்குச் சோர்வு தெரிந்த நாளை நோய் தொடங்கிய நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் அதைத் தனியாக, காற்று வீசாத, கதகதப்பான பெட்டியில், அடியில் வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். தாள் எதற்கென்றால், இப்போது நமக்குத் தேவையான பெரும்பாலான விடைகள் எச்சத்தில்தான் இருக்கின்றன. கூளத்தில் விழுந்த எச்சம் எந்தக் குஞ்சினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

பின்வருவனவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். எச்சத்தின் நிறம், கெட்டித்தன்மை, அதில் இரத்தமோ சளிபோன்ற பொருளோ இருக்கிறதா? நாளை விடியற்காலையில், தீவனம் வைப்பதற்கு முன், கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்: இரவெல்லாம் செரித்துக் காலியாக இருக்க வேண்டும், கல்போல் கெட்டியாகவோ, நீர் நிரம்பிய பலூன்போலவோ இருந்தால் சிக்கல் வேறு. மார்பெலும்பு கத்தி முனைபோல் துருத்திக்கொண்டிருக்கிறதா? கொண்டையும் முகமும் வெளுத்திருக்கின்றனவா? நடக்கும்போது ஒரு கால் முன்னும் மற்றொன்று பின்னுமாக விரிகிறதா? இறக்கை அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகுகளை ஊதி விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புப் பேன் பகலில் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்துகொண்டு இரவில்தான் ஏறும் என்பதால், விளக்கை எடுத்துக்கொண்டு இரவில் கூண்டையும் ஒருமுறை பாருங்கள்.

முற்றத்துச்சேவல்

மிக்க நன்றி. மாலையில் தாளை விரித்து வைத்தேன். காலை வரை பதினொரு எச்சங்கள். ஏழு, வெள்ளைத் தொப்பி வைத்த வழக்கமான எச்சங்கள், சற்றே நீர்த்திருந்தன. இரண்டு, பழுப்பும் கறுப்புமாகப் பிசின்போல், தாங்க முடியாத நாற்றத்துடன் இருந்தன. மற்ற இரண்டில்தான் எனக்குப் பயம் வந்தது: ஒன்றில் கடுகளவு புதிய சிவப்பு இரத்தம், இன்னொன்றில் பாதிக்குமேல் இரத்தமாகவே, தாளில் ஓரமெல்லாம் பரவி ஊறியிருந்தது. தீனிப்பை காலியாக இருந்தது. மார்பெலும்பு நன்றாகத் துருத்தியுள்ளது. கொண்டை வெளுத்திருக்கிறது, பக்கத்தில் மற்றொரு குஞ்சை வைத்து ஒப்பிட்டபோதுதான் அது எவ்வளவு வெளுப்பு என்று விளங்கியது. நடை சரியாகவே இருக்கிறது. பேன் எதுவும் இல்லை. இரவில் பார்த்தபோதும் இல்லை.

மறுமொழி: நெடுநாள்வளர்ப்பு

பிசின்போன்ற நாற்றமுள்ள எச்சம் குருட்டுக்குடலிலிருந்து வருவது. நலமான கோழியும் நாளொன்றுக்குச் சில முறை அதை இடும். முதன்முறை பார்ப்பவர்கள் அதையே கழிச்சல் என்று நினைத்துவிடுவதுண்டு. இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் நூல்போன்ற குடல்தோல் துணுக்கு எப்போதாவது வந்தாலும் அச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் தாளில் ஊறிப் பரவிய இரத்தம் அந்த வகையில் சேராது. 7 வார வயது, ஈரக் கூளம், மருந்து கலக்காத தீவனம், வெளுத்த கொண்டை, எடைக் குறைவு ஆகிய யாவும் சேர்ந்திருப்பதால், இது காக்சிடியா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சல் என்றே நான் கொள்கிறேன்.

இந்த ஒட்டுண்ணிக்கு எய்மெரியா என்று பெயர். கோழிகளைத் தாக்குபவை ஏழு இனங்கள் என்பது பழைய வகைப்பாடு. அவற்றுள் குருட்டுக்குடலைக் குடைந்து புது இரத்தம் ஒழுகச் செய்வது எய்மெரியா டெனெல்லா. பாதிக்கப்பட்ட பறவையின் எச்சத்தில் வெளிவரும் ஊசிஸ்ட் என்னும் உறையிட்ட நிலைக்கு உடனே நோய் பரப்பும் ஆற்றல் கிடையாது. ஈரமும் வெப்பமும் காற்றும் உள்ள இடத்தில் ஓரிரு நாட்கள் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் அது பரவும். ஆகவே ஈரக் கூளத்தை அன்றாடம் மாற்றுபவர் சுத்தம் பேணுவதோடு நோயின் சுழற்சியையே அறுத்துவிடுகிறார். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு ஊசிஸ்ட் அசைவதில்லை. உலர்த்துவதும் சூடும் அம்மோனியாவும்தான் அதைக் கொல்லும். அம்மோனியாக் கரைசலைப் பயன்படுத்தினால் குஞ்சுகளை வெளியேற்றிய பின்பே பயன்படுத்துங்கள். வெளுப்பான் திரவத்துடன் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு உண்டாகும்.

மருந்து அம்ப்ரோலியம். குடிநீரில் 0.024 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு 240 மில்லிகிராம் என்ற அளவில் 3 முதல் 5 நாட்கள் கொடுக்க வேண்டும்; அதன்பின் 0.006 விழுக்காடாகக் குறைத்து 1 அல்லது 2 வாரங்கள் தொடர வேண்டும். 20 விழுக்காடு பொடியாக இருந்தால் லிட்டருக்கு 1.2 கிராம், 9.6 விழுக்காடு திரவமாக இருந்தால் 2.5 மில்லிலிட்டர். புட்டியில் எழுதியுள்ள செறிவைக் கட்டாயம் பாருங்கள். தேக்கரண்டிக் கணக்கில் பொடியை அளப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சிறிய தராசு வைத்து அளப்பதே நல்லது. தினமும் புதிதாகக் கலக்குங்கள். வேறு தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். ஒன்பது குஞ்சுகளுக்கும் கொடுங்கள். ஒரே கூளத்தைக் கொத்தியவை எல்லாமே அந்த ஒட்டுண்ணியை விழுங்கியிருக்கும்.

ஓர் இடர்ப்பாடு உண்டு. கோழி தான் தின்னும் தீவனத்தின் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். தின்னாத குஞ்சு குடிக்கவும் செய்யாது. மருந்து அதற்குச் சேர வேண்டுமானால் நீங்கள்தான் வாயருகே கொண்டுசெல்ல வேண்டும். மருந்துத் தண்ணீரைத் துளித்துளியாக அலகின் ஓரத்தில் வையுங்கள். அது நக்கி விழுங்கும்வரை அடுத்த துளியை விடாதீர்கள். வாயைத் திறந்து ஊற்றினால் நாக்கின் பின்னே உள்ள மூச்சுத்துளை வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். மருந்துத் தண்ணீரில் நனைத்த தீவனத்தைக் கொத்தினால் இன்னும் எளிது.

மறுமொழி: கீரிக்காவல்

இதற்கு முன் ஆன்டிபயாட்டிக் ஒன்றைத் தொடங்கிவிடலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. இரத்தம் வருகிறது என்றால் தொற்று முற்றியிருக்கும் அல்லவா? எங்கள் வீட்டில் இப்படி நின்ற குஞ்சுகளுக்கெல்லாம் நாங்கள் அதைத்தான் கொடுப்போம்.

மறுமொழி: கூளமும்கூண்டும்

கீரிக்காவல் அவர்களே, காக்சிடியா பாக்டீரியா அன்று. சல்ஃபா வகை மருந்துகள் அதன்மேல் செயல்படும் என்பது உண்மை. ஆனால் கைக்குக் கிடைக்கும் மற்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அது அடங்காது. உங்கள் குஞ்சுகள் பிழைத்தன என்றால், அவை மருந்தினால் பிழைத்தனவா, தாமாகவே நோயை வென்றனவா என்று பிரித்தறிய வழியில்லை; நோய்த்தாக்கத்திலிருந்து மீளும் பறவைக்கு அந்தக் குறிப்பிட்ட எய்மெரியா இனத்துக்கு எதிராக எதிர்ப்பாற்றல் உருவாகும்; மற்ற இனங்களுக்கு எதிராக உருவாகாது. புண்ணான குடலில் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா புகுந்து குடல் அழுகல் உண்டாவதுண்டு. அப்போது ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

எச்சப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். எய்மெரியா டெனெல்லா விஷயத்தில் இரத்தம் தொற்று ஏறிய 5, 6ஆம் நாட்களில் வருகிறது. நுண்ணோக்கியில் தெரியும் ஊசிஸ்டுகள் அதற்குப் பின்னரே, ஏறக்குறைய 7ஆம் நாளில்தான் எச்சத்தில் தோன்றத் தொடங்கும். ஆகவே 'எதுவும் இல்லை' என்று பரிசோதனை சொன்னாலும் உடனே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மறுபுறம், நலமான குஞ்சின் எச்சத்திலும் ஒருசில ஊசிஸ்டுகள் இருக்கும். எண்ணிக்கையோடு நோயின் அறிகுறிகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முற்றத்துச்சேவல்

நேற்று முழுவதும் மருந்துத் தண்ணீர் கொடுத்தேன். 20 விழுக்காடு பொடியை எடையிட்டே கலந்தேன். இரத்தம் குறைந்திருக்கிறது, இன்று காலைத் தாளில் இரண்டு சிறிய புள்ளிகள் மட்டும். ஆனால் குஞ்சின் சோர்வு குறையவில்லை. சற்று நேரம் நின்றபின் கணுக்காலில் உட்கார்ந்துவிடுகிறது. மற்ற எட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. மருந்துத் தண்ணீரிலேயே வைட்டமின் பொடியையும் சேர்த்துக் கொடுத்து வருகிறேன். அளவைக் கூட்டலாமா?

மறுமொழி: நெடுநாள்வளர்ப்பு

வைட்டமினை உடனே நிறுத்துங்கள். நீங்கள் முதல் கேள்வியிலேயே அதைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் படித்துவிட்டுக் கடந்துவிட்டேன். தவறு என்னுடையது.

அம்ப்ரோலியம் வேலை செய்யும் விதம் இதுதான்: அது தயமின், அதாவது வைட்டமின் பி1 போன்ற உருவம் கொண்டது. ஒட்டுண்ணி தயமின் என்று நினைத்து அதை ஏற்று, உண்மையான தயமின் கிடைக்காமல் பட்டினியாகும். நாமே தயமினைக் கூடுதலாகக் கொடுத்தால் ஒட்டுண்ணிக்கும் அது கிடைத்துவிடும். மருந்தின் வேலையை வைட்டமின் பொடியே அழித்துவிடுகிறது. பி குழுமம் கலந்த எந்தச் சத்துப்பொடியும் இதில் அடங்கும். மருந்தளவையும் கூட்டாதீர்கள், மிகுந்தால் குஞ்சுக்கே தயமின் பற்றாக்குறை வந்து தலை பின்னோக்கி வானத்தைப் பார்ப்பதுபோல் வளையும். முழு அளவு முடிந்தபின், மருந்து இல்லாத நாட்களில் வைட்டமின் கொடுங்கள். அப்போது அது உண்மையிலேயே தேவைப்படும்.

கணுக்காலில் உட்காருவது இரத்த இழப்பினாலும் பலவீனத்தினாலும் இருக்கலாம். இருந்தாலும் ஒரு காலில் மட்டும் தளர்ச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மாரெக்ஸ் தடுப்பூசி கட்டிகளையும் நோயையும் தடுக்குமே தவிர வைரஸ் தொற்றைத் தடுப்பதில்லை. எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் அந்த வைரஸ் உடலில் இருந்தால் காக்சிடியாவும் கட்டுக்கு அடங்காது. கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, பச்சையாகக் கழிச்சல் வந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்டவை திடீரென இறந்தாலோ அது வேறு நோய். உடனே கால்நடை மருத்துவத் துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும், மற்ற கோழிகளின் அருகே அதே செருப்புடன் செல்லக் கூடாது.

முற்றத்துச்சேவல்

9 நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மருத்துவர் பார்த்தார். எச்சத்தில் ஊசிஸ்டுகள் ஏராளமாக இருந்தன, காக்சிடியாதான் என்றார். வைட்டமினை நிறுத்திய அன்றிலிருந்து கணக்கிட்டு முழு அளவை 5 நாட்கள் கொடுத்து, இப்போது குறைந்த அளவில் இருக்கிறது. இரண்டாம் நாள் மாலை அது தானாக எழுந்து வந்து நனைத்த தீவனத்தைக் கொத்தியது. ஒவ்வொரு மணிக்கும் துளி விட்டுக்கொண்டிருந்த எனக்கு அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடத் தோன்றியது. இன்றைய எடை 435 கிராம். தாளில் இரத்தம் இல்லை. கொண்டை மட்டும் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது. கூளத்தை முழுவதுமாக அப்புறப்படுத்தி, தண்ணீர்ப் பாத்திரத்தைக் குஞ்சுகளின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தேன், சிந்துவது நின்றுவிட்டது.

நேற்று அதை மற்றவற்றுடன் விட்டுப் பார்த்தேன். இரண்டு சேவல் குஞ்சுகள் விரட்டிக் கொத்தின. என்ன செய்வது?

மறுமொழி: கூளமும்கூண்டும்

435 கிராமுடன் உள்ளே விடாதீர்கள். அதே கூண்டுக்குள் கம்பி வலையால் ஒரு தடுப்பு அமைத்து, ஒன்றையொன்று பார்த்தபடி தீவனம் தின்னுமாறு 4, 5 நாட்கள் வையுங்கள். அதன்பின் இருட்டிய பிறகு, மற்றவை உறங்கும் பரணில் தூக்கி வையுங்கள். கூடவே நலமான ஒரு பெட்டைக் குஞ்சையும் இன்றே தடுப்புக்குள் துணையாக விட்டால், சேர்க்கும்போது இரண்டாகச் சேரும். கொத்து ஒன்றின் மேலேயே விழாது. கொண்டை சிவக்க இன்னும் சில வாரங்கள் ஆகும்.