மறு: ஹைப்பர்பாராதைராய்டிசம் – "மூன்றாம் நிலை"ன்னு எழுதலாமா?

> முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை இணைத்தைராய்டு மிகைச்சுரப்பு. யாருக்கும் மறுப்பு இல்லன்னா இப்படியே பட்டியல்ல ஏத்திடறேன்.

ஐயா, வணக்கம். கொஞ்சம் பொறுங்க. ஹைப்பர்பாராதைராய்டிசம்னா பாராதைராய்டு சுரப்பிங்க அளவுக்கு மேல ஹார்மோன் சுரக்குற வியாதி, அதோட பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரிங்கற மூணுக்கும்தான் நம்ம சொற்பட்டியல்ல தமிழ்ப்பேரு தேடுறோம். "மிகைச்சுரப்பு" அருமையான சொல்லு, அதுல எனக்கு சண்டையே இல்ல. இடிக்கிறது அந்த "நிலை"தான். டயாலிசிஸ்ல இருக்குறவர் ரிப்போர்ட்ல "மூன்றாம் நிலை"ன்னு இருந்தா வீட்ல என்ன நெனப்பாங்க, கேன்சர் மூணாவது ஸ்டேஜ்னுதானே? இரண்டாம் நிலைன்னு இருந்தா "ஒண்ணுலயே கண்டுபிடிக்காம விட்டுட்டாங்களே"ன்னு டாக்டர திட்டுவாங்க. ஒண்ணுலேருந்து ரெண்டுக்கு ஏறுற வியாதியே இல்ல இது.

சுரப்பி என்ன வேலை பாக்குதுன்னு பாத்தா இது புரியும். கழுத்துல தைராய்டோட முதுகுப் பக்கம் ஒட்டிக்கிட்டு பெரும்பாலும் நாலு இருக்கும், ஒவ்வொண்ணும் அரிசி மணி அளவுதான், 30–50 மில்லிகிராம் எடை. ரத்தத்துல கால்சியத்த டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5லேருந்து 10.5 மில்லிகிராம்குள்ள வச்சிருக்கறதுதான் இதோட வேலை. கால்சியம் கொஞ்சம் இறங்கினாலே அந்த செல்லுங்களுக்கு தெரிஞ்சிடும், உடனே பாராதைராய்டு ஹார்மோன (சுருக்கமா பி.டி.ஹெச்.) விடும், அது எலும்புலேருந்து கால்சியத்த எடுக்கும், சிறுநீரகத்துல கால்சியத்த புடிச்சு வச்சுக்கிட்டு பாஸ்பேட்ட வெளிய தள்ளும், அதே சிறுநீரகத்துல வைட்டமின் டிய செயல்படுற வடிவத்துக்கு மாத்த வைக்கும், அதனால குடலும் சாப்பாட்டுலேருந்து கூடுதலா கால்சியத்த உறிஞ்சும். கால்சியம் ஏறிடுச்சுன்னா சுரப்பி அடங்கிடும்.

இப்ப "பிரைமரி"ன்னா சுரப்பியே கெட்டுப்போச்சு. பத்துல எட்டு பேருக்கு மேல நாலுல ஒண்ணுல மட்டும் சாதாரண கட்டி, அடினோமா. கால்சியம் ஏறினாலும் அடங்காம சுரந்துக்கிட்டே இருக்கும், சிறுநீரகக் கல்லு, எலும்புத் தேய்வு, மலச்சிக்கல், காரணமே தெரியாத அசதி, மனச்சோர்வு. நெறைய பேருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, ஏதோ பிளட் டெஸ்ட்ல கால்சியம் கூட இருக்கேன்னு மாட்டும். அந்தக் கட்டிய எடுத்தா சரியாயிடும்.

"செகண்டரி"ல சுரப்பி மேல தப்பே கிடையாது. சிறுநீரகம் செயலிழந்தோ வைட்டமின் டி பத்தாமலோ கால்சியம் இறங்கப் பாக்குது, அதை ஈடுகட்ட பாவம் இது மாடா உழைக்குது. பி.டி.ஹெச். எகிறியிருக்கும், ஆனா கால்சியம் கம்மியா இல்லன்னா நார்மலா இருக்கும். இங்க முதல்ல கத்திய எடுக்கக்கூடாது, மூல காரணத்த பாக்கணும். அப்படியே வருஷக்கணக்கா உழைச்ச சுரப்பி பெருத்துப்போய், மாற்று சிறுநீரகம் வச்ச அப்புறமும் சொன்ன பேச்சு கேக்காம சுரந்து கால்சியத்த ஏத்திவிட்டா அதான் "டெர்ஷியரி". ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல மட்டும்தான் வழி இருக்கு, ஒண்ணு தனி ஆளு.

அதனால என் முன்மொழிவு: சுரப்பிவழி மிகைச்சுரப்பு, ஈடுகட்டு மிகைச்சுரப்பு, ஈடுமீறு மிகைச்சுரப்பு. ஈடுகட்டப் போய்தான் மீறிச்சுன்னு கடைசி ரெண்டும் தானே சொல்லிடும். முதல்ல பிரைமரிக்கு "மூல மிகைச்சுரப்பு"ன்னுதான் யோசிச்சேன், ஆனா மூலம்னாலே நம்மாளுங்களுக்கு வேற வியாதி ஞாபகம் வந்துடும், விட்டுட்டேன்.

> இணைத்தைராய்டா, இணைகேடயமா, பாராதைராய்டா?

என் ஓட்டு இணைத்தைராய்டுக்கு. தைராய்டுக்கு கேடயம்ங்கற தமிழ்ப்பேரு வேணாம், தைராய்டுன்னே ஊரெல்லாம் சொல்றப்ப எதுக்கு. 1880ல ஸ்வீடன்ல உப்சாலாவுல இவார் சாண்ட்ஸ்ட்ரோம்ங்கற மருத்துவ ஆராய்ச்சியாளர் தைராய்டு பக்கத்துல இருக்குன்னுதான் இந்தப் பேர வச்சாரு. (அவருக்கும் முன்னாடியே ரிச்சர்ட் ஓவன்ங்கற ஆங்கிலேய விலங்கியலாளர் லண்டன் மிருகக்காட்சி சாலையில செத்த இந்திய காண்டாமிருகத்துல பாத்துட்டாரு, அது தனிக்கதை.) சில சமயம் பக்கத்துல இருக்கவும் இருக்காது. கீழ் ரெண்டும் கருவுல தைமஸ்ங்கற நெஞ்சுச் சுரப்பியோட சேந்து இறங்குறதால நெஞ்சுக்குள்ள போய் நின்னுக்கும். சார்லஸ் மார்ட்டல்னு அமெரிக்க கப்பல் கேப்டன், அவருக்கு இதே வியாதி, கழுத்த திரும்பத் திரும்ப தொறந்து தேடி, கடைசியில ஏழாவது ஆபரேஷன்ல, 1932ல, நெஞ்சுக்கூட்டுக்குள்ளதான் கட்டி கிடைச்சுது. இருந்தாலும் பழகின பேரு, இருக்கட்டும். பக்கத்துலயே "தைராய்டு ஹார்மோனோட இதுக்கு சம்பந்தமில்ல"ன்னு ஒரு வரி சேத்துடுங்க, தைராய்டு மாத்திரை போடணுமான்னு கேக்குறவங்க நெறைய.

---

> சுரப்பிவழி, ஈடுகட்டு, ஈடுமீறு

நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் மாணவர்களுக்கு பாடம் எடுக்குறவ, பிரைமரி செகண்டரின்னு பரீட்சையில வரும், உங்க சொல்லுல அந்த வரிசை எங்க இருக்கு? "முதல் வகை, இரண்டாம் வகை"ன்னு போட்டா நிலைங்கற குழப்பமும் போயிடும்ல? இன்னொண்ணு, செகண்டரி ஹைப்போதைராய்டிசத்துக்கும் (தைராய்டு கம்மியா சுரக்குறது) இதே "ஈடுகட்டு" போடுவீங்களா?

---

அம்மா, வகைன்னா சர்க்கரை டைப் 1, டைப் 2 கிட்ட போய் முட்டும். மாணவர்களுக்கு பட்டியல்ல பிரைமரி, செகண்டரின்னு தமிழ் எழுத்துலயே இன்னொரு பத்தி வச்சிடலாம், வரிசை அதுல கிடைச்சிடும்.

ரெண்டாவது கேள்வி சரியான கேள்வி. ஹைப்போதைராய்டிசத்துல செகண்டரின்னா மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி தூண்டாததால தைராய்டு சும்மா கெடக்குது, அங்க யாரும் எதையும் ஈடுகட்டல, அதனால அந்த சொல்லு அங்க பொருந்தாது. செகண்டரிக்கு எல்லா நோய்க்கும் ஒரே தமிழ்ச்சொல் தேடுறதே வேணாங்கறேன், ஒவ்வொண்ணுக்கும் அதது காரணத்த வச்சு பேர் வைப்போம். அதுக்கு தனி இழை தொறக்கறேன். ஐயா, இந்த மூணை மட்டும் இப்போதைக்கு "பரிசீலனையில்"னு போட்டு ஏத்துங்க, டயாலிசிஸ் யூனிட்ல இருக்குற நம்ம நண்பர் நோயாளிங்ககிட்ட சொல்லிப் பாத்துட்டு எழுதறேன்னு சொல்லியிருக்காரு.