பாஸ்டன் 75.6: வந்தவர்களால் ஊர் செழித்ததா?

வயல்வெளி:
"குடியேறிகள் போன ஊரெல்லாம் செழித்தது, பிரெக்ஸிட்டுக்கு ஓட்டுப் போட்டவன் வெளிநாட்டவன் முகத்தையே பார்த்திராதவன்" என்று குரோய்டன்காரன் வேறொரு இழையில் எழுதியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது ஐயா. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்னது நாடு மொத்தமும் 51.9 சதவீதம், இந்த ஊர் 75.6 சதவீதம் சொன்னது. நாட்டிலேயே அதிகம். 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்த போலந்து, லிதுவேனியா, லாட்வியாவிலிருந்து அதன் பிறகு ஆட்கள் வந்து குவிந்த ஊர் இது. இவர்களா முகத்தைப் பார்க்காதவர்கள்?

குரோய்டன்காரன்:
ஒரே ஊரைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். வேல்ஸில் பிளைனாய் குவென்ட்டில் வெளிநாட்டவர் மிகக் குறைவு, ஐரோப்பியப் பணம் கொட்டிய இடம், அங்கே 62 சதவீதம் வெளியேறு. லண்டனின் லாம்பெத்தில் திரும்பிய பக்கமெல்லாம் வெளிநாட்டவர், 78.6 சதவீதம் இருப்போம் என்றார்கள். உங்கள் பாஸ்டன் முட்டைக்கோஸை அறுத்ததே வந்தவர்கள்தானே? அவர்கள் இல்லாமல் அந்த ஊரில் என்ன செழிப்பு இருந்திருக்கும்?

வயல்வெளி:
கோஸ் லாபம் யாருக்குப் போனது? நிலத்துக்காரனுக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும். பேக்கிங் ஷெட்டில் நின்றவனுக்குக் குறைந்தபட்சக் கூலி, அதிலும் வேனுக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஆள் சேர்க்கும் கேங்மாஸ்டர் பிடித்துக்கொள்வான். நானே அங்கே இரவு ஷிப்ட் பார்த்தவன், யாரோ சொல்லிக் கேட்டுப் பேசவில்லை. அந்தப் புதிய நாடுகளிலிருந்து ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேல் வரமாட்டார்கள் என்று அரசுக்காக எழுதிய ஆய்வு சொன்னது, ஜெர்மனி 2011 வரை வேலைக் கதவைச் சாத்தி வைத்தது, பிரிட்டன் முதல் நாளே திறந்துவிட்டது. சரி, திறந்தாய், பள்ளிக்கூடத்துக்கும் ஜிபி டாக்டர்களுக்கும் பணம் கொடு. 2009இல் அதற்கென்று ஆண்டுக்கு 35 மில்லியன் பவுண்டில் ஒரு நிதி வைத்தார்கள், 2010இல் வந்த கூட்டணி அரசு அதையும் நிறுத்திவிட்டது. ஊர் செழித்தது என்றால் 75.6 எங்கிருந்து வந்தது? பதில் சொல்லுங்கள்.

ஹாரோ அக்கா:
செழிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள் இருவரும்? கூலியா, வேலையா, வீட்டு விலையா? இன்னொன்று, லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்லௌவில் வெளியேறு 54.3 சதவீதம். அங்கே நம் ஆசியக் குடும்பங்கள் எவ்வளவு! கறி சமையல்காரர்களுக்கு விசா எளிதாகும் என்ற பேச்சை நம்பி, ஏறிய ஏணியை எட்டி உதைத்த நம் ஆட்களைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை?

வயல்வெளி:
அக்கா, ஏணி கதை வேண்டாம். வரிசையில் நின்று, பணம் கட்டி, ஆங்கிலப் பரீட்சை எழுதி வந்தவன், பாஸ்போர்ட்டை மட்டும் காட்டிவிட்டு வந்த ஐரோப்பியனைப் பார்த்து இது நியாயமா என்று கேட்டால் அது ஏணியை உதைப்பதா? நான் வெளியேறு என்றுதான் போட்டேன். இன்றைக்கும் போடுவேன்.

குரோய்டன்காரன்:
பாருங்கள், வெளியே வந்துவிட்டது! மாணவர் விசா இழையிலும் இப்படித்தான், "நானே நின்றவன், நானே பார்த்தவன்". ஷெட்டில் நின்றால் பொருளாதாரம் தெரிந்துவிடுமா? இப்போது உஸ்பெகிஸ்தானிலிருந்தும் கிர்கிஸ்தானிலிருந்தும் ஆறு மாத விசாவில் ஆள் வந்து பிரிட்டிஷ் வயல்களில் அறுவடை செய்கிறார்கள். கூலிக்கு வந்தவன் நாடுதான் மாறியது. உங்கள் 75.6 எதைச் சாதித்தது?

கேர்ஹோம் தம்பி:
நான் வாக்கெடுப்புக்குப் பிறகு, முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கான கேர் விசாவில் வந்தவன். ஆட்களைக் குறைப்போம் என்று சொல்லித்தானே ஜெயித்தார்கள்? 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகர வருகை, அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்த கணக்கு, 9 லட்சத்தைத் தாண்டியது. அப்புறம் பழியை எங்கள் தலையில் போட்டார்கள், 2024 மார்ச் முதல் கேர் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாதபடி செய்தார்கள். ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வந்து, உங்கள் அம்மா அப்பாவை நாங்கள்தான் குளிப்பாட்டுகிறோம். வயல்வெளி அண்ணா, நானும் உங்கள் கணக்கில் சுமைதானா?

வயல்வெளி:
தம்பி, உன்னைச் சொல்லவில்லை, உன்னை இதில் இழுக்கவும் இல்லை. ஏஜென்டுக்குப் பணம் கொடுத்தது உன் முடிவு. நான் கேட்டது குரோய்டன்காரனை.

ஹாரோ அக்கா:
அதென்ன, அவன் முடிவு? பேச்சைப் பாருங்கள்! அந்தப் பையனிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். நான் கேட்டதற்கும் இன்னும் பதில் இல்லை.

குரோய்டன்காரன்:
பதிலா, அவரிடமா? பிளைனாய் குவென்ட்டைத் தொடவே மாட்டார்.

வயல்வெளி:
தொடுகிறேன். நிலக்கரியும் இரும்பாலையும் மூடிய பிறகு அந்த ஊரை லண்டன் திரும்பிப் பார்த்ததா? அவர்கள் கோபம் வேறு, எங்கள் கோபம் வேறு, இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அறியாமை என்று முத்திரை குத்துவது உங்கள் திமிர். ஒரே ஊர் என்றீர்களே, பாஸ்டனை ஒட்டிய சவுத் ஹாலந்து 73.6 சதவீதம். அங்கேயும் அதே கோஸ், அதே ஷெட், அதே வேன். அதற்கும் ஒரு லாம்பெத் தேடிக்கொண்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.